நண்டக்காவின் ரேடார்

மருந்துக் கடையின் கண்ணாடிச் சுவரில் முதுகை ஒட்டினாற்போல வைத்துக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து, இடது காலை இழுத்துச் சேர்த்து, பக்கவாட்டிலேயே வாசலை நோக்கி நகர்கிறார் நண்டக்கா. தோளில் கருவிப் பை, கையில் மடக்கு ஏணி. நடைபாதையில் வருகிறவர்கள் ஒதுங்கி வழி விடுகிறார்கள். ஒருவர் நின்று பார்த்துவிட்டு, நமக்கேன் வம்பு என்று நடையைக் கட்டுகிறார். தானாகத் திறக்கவேண்டிய கதவுக்கு நேர் எதிரே வந்து நின்றாகிவிட்டது. கதவு அசையவில்லை. அண்ணாந்து, நிலைக்கு மேலே இருக்கும் சின்னக் கறுப்புப் பெட்டியைப் பார்த்து, "என்ன, தூங்குறியா?" என்று கேட்கிறார். முகத்தில் அப்படியொரு திருப்தி.

தானியங்கிக் கதவுகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவருடைய தொழில். வயது ஐம்பதைத் தொடப்போகிறது. ஆஸ்பத்திரி, வங்கி, துணிக்கடை, எங்கள் பத்திரிகை அலுவலகம் என்று ஊரில் பாதிக் கதவுகள் அவர் கைபட்டவை. எந்தக் கதவையும் அவர் நேராக அணுகி நான் பார்த்ததில்லை. "நேரா போனா எந்தக் கதவும் தொறக்கும். அதுல என்ன இருக்கு?" என்பார். அந்தக் கறுப்புப் பெட்டிக்குள் இருப்பது ஒரு குட்டி ரேடார். அது அலையை அனுப்பிக்கொண்டே இருக்கும். நெருங்கி வருகிறவர் மேல் பட்ட அலை கொஞ்சம் மாறித் திரும்பும். அதை வைத்து ஆள் வருவதைக் கண்டுகொள்ளும். கிட்டவும் வராமல் எட்டவும் போகாமல் குறுக்கே நகர்கிறவரை மட்டும் தூண், சுவர், பூத்தொட்டி இவற்றோடு சேர்த்துக் கணக்கிலேயே எடுக்காது. இவ்வளவையும் அவர் எனக்கு எங்கள் அலுவலக வாசலில் ஏணி மேல் நின்றபடி விளக்கினார். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான் என்பதால் தப்பி ஓட வழியில்லை.

"இதெல்லாம் கதவுக்கா?" என்று கேட்டேன்.

"கதவுக்கு மட்டுமா? போர் விமானத்துக்கும் இதேதான்" என்றார், மேலேயிருந்து. அப்படித்தான் அவருடைய இன்னொரு வாழ்க்கை எனக்குத் தெரியவந்தது.

அந்த வாழ்க்கையில் அவர் பெயர் நண்டு. இணையத்தில் பலர் கூடி ஆடும் போர் விமான சிமுலேட்டர் ஒன்று இருக்கிறது. அவரவர் வீட்டில் அவரவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஒரே ஆகாயத்தில் பறந்து ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துவார்கள். அதில் ஒரு குழுவை நடத்துகிறவர் அவருடைய கொழுந்தனார். பகலில் பல் செட் செய்கிறவர். பாதி வேலையாகக் கிடக்கும் பற்களை மேஜையில் ஒதுக்கிவிட்டுத்தான் வான்படைக்கு உத்தரவு போடுவார். ஒரு நாள் ஆள் குறைந்தபோது, "அண்ணி, சும்மா ஒரு ஆட்டம் வாங்களேன்" என்று கூப்பிட்டிருக்கிறார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதாக அவரே பிறகு என்னிடம் சொன்னார்.

வீடு முடிதிருத்தும் கடைக்கு மேலே இருக்கிறது. கடை, கணவருடையது. மாடியறையில் நண்டக்காவின் விமானம் நிற்கிறது: கால்தாங்கி உடைந்து கடையிலிருந்து ஓய்வு பெற்ற முடிதிருத்தும் நாற்காலி ஒன்று, முன்னால் துணி தேய்க்கும் பலகை, பலகை மேல் திரை. நாற்காலியின் கைப்பிடியில் துளை போட்டு விசைக்கோலைத் திருகியிருக்கிறார். புறப்படும் முன் காலால் மிதித்து மிதித்து நாற்காலியை உயர்த்திக்கொள்வார். தரையிறங்கியதும் புஸ்ஸென்று இறக்குவார். "இந்த நாற்காலியில உக்காந்தவங்க எல்லாரும் என்கிட்ட தலைய குனிஞ்சாங்க. இவ ஒருத்திதான் நிமிந்தே உக்காந்திருக்கா" என்பார் கணவர். இதைச் சொல்லும்போது அவர் குரலில் குறைபட்டுக்கொள்வதுபோல ஒரு பாவனை இருக்கும். நம்பாதீர்கள், வருகிற வாடிக்கையாளர் எல்லோரிடமும் மனைவி விமானி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்.

முதல் ஆட்டத்திலேயே நண்டக்கா ஒரு மலைக்குப் பின்னால் ஒளிந்தார். மலை தாண்டி வந்த ஏவுகணை அவரைத் தேடிப் பிடித்து அடித்தது.

"மலைக்குப் பின்னாடி இருக்கேன். எப்படிப் பாத்தான்?"

"ரேடார்ல தெரியும் அண்ணி."

"மலைய தாண்டியா?"

"ஆட்டம் அப்படித்தான் அண்ணி. வட்டத்துக்குள்ள யாரு இருந்தாலும் சிவப்புப் புள்ளி வந்துடும்."

"எல்லாம் தெரிஞ்சா அது ரேடார் இல்ல தம்பி, ஜோசியம்."

அன்றைக்கு ஆரம்பித்தது. ஆட்டத்தின் நிரல்களைத் திறந்து மாற்றிக்கொள்ளக் குழுக்களுக்கு அனுமதி உண்டு. நிரல் என்றால் என்னவென்றே தெரியாதவர், சாப்பாட்டு இடைவேளையில் வேனுக்குள் உட்கார்ந்து படித்தார். மலை மறைக்கவேண்டும். தரையோடு தரையாகப் போனால் தரையின் இரைச்சலில் கரையவேண்டும். குறுக்கே பறந்தால் மங்கவேண்டும். ஒன்றரை வருஷம் இதே பேச்சு. முதலில் எழுதிய ரேடாரில் ஒன்றுமே தெரியவில்லை. அடுத்து எழுதியதில் எல்லாமே தெரிந்தது. குழுவே திரண்டு போய், எதிரி என்று நினைத்து, கையிலிருந்த ஏவுகணைகளையெல்லாம் ஒரு குன்றின் மேல் கொட்டித் தீர்த்தது. மலையைச் சுட்ட நாள் என்று அதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். வேறு யாராக இருந்தாலும் முகத்தைத் தொங்கப்போட்டிருப்பார்கள். நண்டக்கா, "மலை இப்ப தெரியுதுல்ல? அதுவே பாதி வேலை" என்றார். அடக்கம் என்ற குணத்தை அவரிடம் தேடிப் பயனில்லை. யாராவது நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டினால், "ஆமா, நல்லாத்தான் பண்ணிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

லாரி விவகாரம் வந்தது அந்த மருந்துக் கடையால்தான். கடைக்காரர் ஒரு நாள் போன் செய்து, "ஆளே இல்லம்மா, கதவு தொறக்குது, மூடுது. கடையில தனியா உக்காரவே பயமா இருக்கு" என்றார். நண்டக்கா எதிர்ப்புறத்து பெஞ்சில் போய் உட்கார்ந்து அரை நாள் கதவையே பார்த்தார். முனையில் பஸ் திரும்பும்போதெல்லாம் கதவு திறந்தது. வேலை முடிந்தது என்று பெட்டியின் கூர்மையைக் குறைத்துவிட்டு வந்தார். மறுநாள் மறுபடியும் போன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்த பெரியவர் ஒருவர் மூடிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். "பஸ்ஸ வேணாம்னு தள்ளினேன். அது பெரியவரையும் சேத்துத் தள்ளிடுச்சு" என்று நண்டக்கா தலையில் அடித்துக்கொண்டார். பெட்டியைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துக் கதவைச் சரிசெய்தார். அதோடு நேரே வேனுக்குப் போய், ஆட்டத்தில் பள்ளத்தாக்கு வழியே ஓடும் நெடுஞ்சாலை லாரிகளையும் ரேடாரில் புள்ளிகளாக எழுதி வைத்தார். கூடவே ஒரு வடிகட்டியும். வடிகட்டியை ஏற்றினால் மெதுவாக ஓடுவதெல்லாம் திரையிலிருந்து மறைந்துபோகும்.

இந்த லாரிதான் குழுவை இரண்டாக உடைத்தது.

எதிர்க்கட்சித் தலைவர் வாத்தியார். வானத்துப் பெயரும் அதுதான், பகல் தொழிலும் அதுதான். கார் ஓட்டக் கற்றுத் தரும் பள்ளி நடத்துகிறார். குழுவில் அவரை வீழ்த்த ஆளில்லை. அவரிடம் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்ட இரண்டு பேர் ஆகாயத்திலும் அவர் பின்னாலேயே பறப்பார்கள். "ரேடார்னா தெரியணும். தெரியலைன்னா எதுக்கு ரேடார்? நாள் பூரா பக்கத்து சீட்ல உயிரக் கையில பிடிச்சிக்கிட்டு உக்காந்துட்டு வரேன். வீட்டுக்கு வந்து நிம்மதியா நாலு பேரச் சுடலாம்னா, திரையில லாரி ஓடுது" என்று சத்தம் போட்டார். நியாயம்தான் என்று எனக்கே பட்டது. பலர் அவர் பக்கம் சாய்ந்தார்கள். புது ரேடார் இருந்தால் வேறு குழுவுக்குப் போய்விடுவோம் என்றார்கள்.

கொழுந்தனார் இரண்டு பக்கமும் இடிபட்டார். கடைசியில் ஒரு பரீட்சை ஆட்டம் வைத்தார். புது ரேடாரோடு ஞாயிறு மதியம் ஒரு ஆட்டம். பள்ளத்தாக்கின் இந்தக் கோடியிலிருந்து ஒற்றை எஞ்சின் தபால் விமானத்தை நண்டக்கா ஓட்டிக்கொண்டு போய் அந்தக் கோடியில் இறக்கவேண்டும். வாத்தியாரும் இரண்டு சீடர்களும் ஜெட் விமானங்களில் அவரைத் தடுக்கவேண்டும். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள். தோற்றால் ஒன்றரை வருஷ உழைப்பு குப்பைக்குப் போகும். பழைய சிவப்புப் புள்ளிகள் திரும்பி வரும். தபால் விமானம் மாட்டு வண்டிக்கு அக்காள் முறை. பழைய ரேடாரில் அது ஒரு தடவைகூடக் கரை சேர்ந்ததில்லை.

தான் எழுதியதைத் தானே ஏமாற்றப் பயன்படுத்தினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, முந்தின வாரமே எல்லோரையும் இணைப்பில் கூப்பிட்டு ரேடாரைப் பிரித்து மேய்ந்துவிட்டார். "வடிகட்டிய ஏத்தினா லாரி போயிடும். லாரி மாதிரி போறவனும் போயிடுவான். பாத்து வெச்சிக்கங்க" என்று சொன்னதை நானே கேட்டேன். "நண்டக்கா, நீங்க லாரி ஓட்டப் போறீங்களா, விமானம் ஓட்டப் போறீங்களா?" என்று வாத்தியார் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. கீழே கடையில் கூட்டம் அலைமோதுகிறது. மேலே நண்டக்கா நாற்காலியை மிதித்து உயர்த்துகிறார். பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் நான். நடுவராகிய கொழுந்தனார், எதிரணி பேசுவதைக் கேட்கும் காதுக்கருவியை எனக்கு மாட்டிவிட்டு, "எழுதத்தானே வந்தீங்க, கேட்டுக்கங்க. ஆனா வாயத் தொறந்தா ஆட்டம் செல்லாது, சொல்லிட்டேன்" என்று மிரட்டிவிட்டு, அறை மூலையில் வைத்திருந்த தன் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். கேள்வி கேட்டுப் பிழைக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

தபால் விமானம் கிளம்பியது. மலையோரமாக ஒதுங்கும் என்று நான் எதிர்பார்த்தேன். நண்டக்கா நேரே நெடுஞ்சாலைக்கு மேல் போய்த் தாழ்ந்தார். லாரிகளின் தலைக்கு மேலே, அவற்றை முந்தாத குறையாக, அதே வரிசையில் போகிறார். விளக்குக் கம்பங்கள் இரண்டு பக்கமும் ஓடி மறைகின்றன. இவ்வளவு மெதுவாகப் போனால் விமானம் எந்நேரமும் கீழே விழலாம். எச்சரிக்கை மணி கிணுகிணுவென்று அடித்தபடியே இருந்தது. அவர் விசைக்கோலை இரண்டே விரலால் பிடித்துக்கொண்டு ஏதோ மெட்டை முணுமுணுத்தார்.

என் காதில் சீடன் ஒருவனின் குரல்: "வாத்தியாரே, ரோடு பூரா புள்ளி ஓடுது. இதுல எது நண்டு?"

"எல்லாம் லாரிடா. கண்ணக் கட்டுது. வடிகட்டிய ஏத்து." வாத்தியாரின் பெருமூச்சு. "ஆங்... இப்பதான் சுத்தமா இருக்கு."

நான் என் கையைக் கடித்துக்கொண்டேன். நண்டக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "அந்தத் தண்ணி பாட்டில எடுங்க" என்றார். எடுத்துக் கொடுத்தேன். என் முகத்தில் என்ன எழுதியிருந்ததோ, அதை அவர் படிக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டார்.

"கீழ எறங்கி கண்ணால ஒரு தடவ பாத்துட்டு வரட்டுமா வாத்தியாரே?" என்றான் இன்னொரு சீடன்.

"எதுக்குடா? ரேடார்ல இல்லைன்னா இல்ல. இன்னும் கிளம்பியே இருக்க மாட்டாங்க."

பழைய ரேடாரில் பல வருஷம் பறந்த பழக்கம் அது. திரையில் புள்ளி இல்லையென்றால் ஆகாயத்திலும் ஆளில்லை என்று நம்பியே வளர்ந்தவர்கள். நண்டக்காவின் திரையில் சாலை மேல் ஒரு ஜெட்டின் நிழல் சர்ரென்று கடந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து மறுபடியும் கடந்தது. ஓட்டுகிறவர் மேலேயே இருக்கிறார், கீழே பார்க்கவில்லை. தாடையை இறுக்கிக்கொண்டு நண்டக்கா லாரிகளோடு போய்க்கொண்டே இருந்தார். முணுமுணுப்பு மட்டும் நின்றிருந்தது.

சாலை ஒரு மேட்டுக்கு முன்னால் வளைந்து வேறு திசைக்குப் போய்விட்டது. ஓடுபாதை மேட்டுக்கு அந்தப் பக்கம். ஏறியாகவேண்டும், ஏறவேண்டுமானால் வேகம் எடுத்தாகவேண்டும். "இனிமே லாரி இல்ல" என்றார் நண்டக்கா, எனக்கா தனக்கா தெரியவில்லை. எஞ்சின் அலறியது. விமானம் மேட்டைத் தாண்டிய அந்தக் கணமே என் காது கிழிந்தது.

"இதோ! இதோ இருக்காங்க! எங்கேருந்துடா வந்தாங்க? நகருங்க, நான் பாத்துக்கறேன்!"

பின்னாலிருந்து வாத்தியார் பாய்ந்து வருகிறார். குறி வைக்கப்பட்டதற்கான ஊளை நண்டக்காவின் ஒலிபெருக்கியில் கேட்க ஆரம்பித்தது. ஓடுபாதை கண்ணெதிரே தெரிகிறது. நானாக இருந்தால் அதை நோக்கி நேரே ஓடிச் செத்திருப்பேன். அவர் விசைக்கோலை ஒரே ஒடியாகப் பக்கவாட்டில் ஒடித்துத் திருப்பினார். விமானம் ஓடுபாதையை விட்டுவிட்டு, தரையை உரசிக்கொண்டு, வாத்தியாருக்குக் குறுக்கே பக்கவாட்டில் போக ஆரம்பித்தது. மருந்துக் கடைச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு போவாரே, அதே நடை. ஊளை திக்கியது. நின்றது.

"எங்க போச்சு? இப்ப இருந்துச்சே! கையிலயே இருந்துச்சே!"

வாத்தியாரின் ஜெட் வந்த வேகத்தில் அவரைத் தாண்டி எங்கோ போய்விட்டது. அது சுற்றித் திரும்பி வருவதற்குள் நண்டக்கா விமானத்தை வளைத்து, ஓடுபாதையில் குதித்துக் குதித்து இறக்கி, நிறுத்தினார். அழகான தரையிறக்கம் என்று சொல்ல மாட்டேன். தபால் வந்து சேர்ந்தது.

என்னை அறியாமல் கத்திவிட்டேன். கதவருகே இன்னொரு சத்தம். கணவர் கையில் கத்தரிக்கோலோடு நிற்கிறார். அவருக்குப் பின்னால், கழுத்தில் துணி சுற்றிய வாடிக்கையாளர் ஒருவர், ஒரு பக்கம் வெட்டியும் மறுபக்கம் வெட்டாமலும். எவ்வளவு நேரமாக நின்றார்களோ தெரியாது. இருவரும் கைதட்டினார்கள்.

பொது இணைப்பில் ஓட்டுப் போடவேண்டிய அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாத்தியாரின் விமானம் தாழ வந்து, நின்றுகொண்டிருந்த தபால் விமானத்துக்கு மேலே பறந்தது. போகும்போது சிறகுகளை இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை சாய்த்தது. விமானிகள் மரியாதை செய்வது அப்படித்தானாம்.

"நண்டக்கா" என்றது வாத்தியாரின் குரல். "நான் உங்க தலைக்கு மேலயே ரெண்டு தடவ போயிருக்கேன்."

"தெரியும் வாத்தியாரே. நிழல் விழுந்துச்சு."

"கீழ பாத்திருக்கணும்."

"ஆமா, பாத்திருக்கணும்."

அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "இத்தன வருஷத்துல இப்பதான் எனக்கு வேர்த்திருக்கு. எல்லாரும் கேட்டுக்கங்க, பழசு வேணாம். எவனாவது பழசு வேணும்னு ஓட்டுப் போட்டா அவனுக்கு லைசென்ஸ் வாங்கித் தர மாட்டேன். ஆனா ஒண்ணு, அடுத்த தடவ தபால் விமானம் எனக்கு."

ஓட்டெடுப்பு பேருக்கு நடந்தது. கொழுந்தனார் முடிவை அறிவித்துவிட்டு, "அண்ணி, சாதிச்சிட்டீங்க" என்றார். வழக்கமான பதிலுக்காக நான் காத்திருந்தேன். "ஆமா, நல்லாத்தான்..." என்று ஆரம்பித்தவர் திரையில் நிற்கும் தபால் விமானத்தைப் பார்த்தார். "ஒன்றரை வருஷம் தம்பி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தரையை ஒரு உதை உதைத்து, முடிதிருத்தும் நாற்காலியில் ஒரு முழுச் சுற்று சுற்றினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கணவர் மட்டும், "சார், வாங்க, மீதியையும் வெட்டிடலாம்" என்று வாடிக்கையாளரை அழைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார். வழியெல்லாம் நடந்ததை முதலிலிருந்து அவருக்கே சொல்லிக்கொண்டு போனது மேலே கேட்டது.

மறுநாள் காலை எங்கள் அலுவலகக் கதவு பாதியில் சிக்கிக்கொள்கிறது என்று அவரை வரச் சொல்லியிருந்தோம். நான் முதல் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன். வேனை நிறுத்தி, ஏணியை இறக்கிச் சுவரில் சாய்த்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். சுவரோரமாக ஒதுங்குவார் என்று பார்த்தால், நடைபாதையின் நட்டநடுவில் வந்து நின்றார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். தெருவில் யாரும் இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கதவை நோக்கி நேராக நடந்தார். கதவு சிக்காமல் முழுசாகத் திறந்து வழி விட்டது. வாசலைத் தாண்டும்போது நண்டக்கா இரண்டு கைகளையும் விரித்து, இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை சாய்ந்துவிட்டு உள்ளே வந்தார்.